இரண்டு நாள் பனையோலைப் பயிற்சி: பின்னல் சிறப்பு, சாயம் அவசரம்

திருச்செந்தூர் அருகே நடந்த பனையோலைப் பின்னல் பயிற்சியில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். முற்றிய ஓலை மடிக்கும்போது விரிசல் விடும் என்பதால் குருத்தோலையையே தருகிறார்கள். அதன் நடுவே ஓடும் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்திய பிறகே பின்னத் தொடங்க வேண்டும் என்பதைப் பயிற்சியளித்த அம்மா பொறுமையாகச் செய்துகாட்டினார். அகலம் நூலளவு பிசகினாலும் பெட்டியின் மூலை கோணிவிடுகிறது. என் முதல் பெட்டி அப்படித்தான் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. சாயமேற்றும் பகுதியை மட்டும் அவசரமாக முடித்துவிட்டார்கள்: கொதிக்கும் சாயநீரில் ஓலையை எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேட்டதற்கு, "நிறம் பிடிக்கிற வரைக்கும்" என்பதே பதிலாக வந்தது. மதிய உணவு உட்படக் கட்டணம் 1,200 ரூபாய் என்பது நியாயமே. ஆனால் 20 பேருக்கு 4 கத்திகள் போதவில்லை.