‘வெண்ணாறு’ எழுத ஒரு நிப்பு

போன தடவை ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு பேனா கொண்டுவந்திருந்தேன். சிங்கப்பூரில் பெரிய கடையொன்றில் வாங்கியது. ஐரோப்பியத் தயாரிப்பு, 18 காரட் தங்க நிப்பு, பின்பக்கத்தைத் திருகினால் மை உறிஞ்சும் பிஸ்டன் வகை. விலையை எழுதப்போவதில்லை. ஆயிரத்துச் சொச்சம் என்று அப்பா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பொங்கலுக்குப் பாபநாசம் பக்கத்து எங்கள் வீட்டுக்குப் போனால், பேனா பீரோவில் பெட்டியோடு தூங்குகிறது. அப்பா கையில் பத்து ரூபாய் ஜெல் பேனா. காரணம் கேட்டேன்.

“நல்ல பேனாதான்டா. ஆனா எழுத்துக்குக் கண்ணு அடைஞ்சுபோவுது.”

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நீள நோட்டு ஒன்றில் வயல் கணக்கு எழுதுவார்: மேட்டூர் திறந்த தேதி, எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டிய தேதி, நாற்று விட்டது, நட்டது. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறந்தது ஒரு வரியில் இருக்கிறது. 2024-இல் ஜூலை 28 வரை இழுத்ததற்கு அடியில் இரண்டு கோடு. எழுத்து பொடிப்பொடியாக, கடுகு மாதிரி. நான் கொடுத்த பேனாவில் எழுதிய பக்கத்தைப் பார்த்தேன். ‘வெண்ணாறு’ என்ற சொல்லில் ண-வின் சுழிகள் எல்லாம் மையில் மூழ்கிக் கறுப்புப் பொட்டாகியிருந்தன. ‘தஞ்சாவூர்’ படிக்கவே முடியவில்லை. ஞ இருந்த இடத்தில் ஒரு கட்டெறும்பு.

தப்பு என்னுடையது. சிங்கப்பூர்க் கடையில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்த்து, வழுக்கிக்கொண்டு போகிறதே என்று மயங்கி மீடியம் நிப்பு, அதாவது நடுத்தரத் தடிமனில் கோடு போடுவது, வாங்கிவிட்டேன். கடையில் கொடுத்த தாளும் மை ஊறாத வழவழத் தாள். அப்பாவின் நோட்டுத் தாளோ மையைக் குடித்துப் பரப்பிவிடும். தமிழுக்குச் சுழி அதிகம். சின்னதாக எழுதுகிறவருக்குக் கோடு கொஞ்சம் தடித்தாலும் சுழி அடைந்துவிடும். நிப்பு அளவுக்கு உலகப் பொதுவான கணக்கு எதுவும் கிடையாது. ஜப்பான்காரர்களின் ஃபைன், ஐரோப்பியர்களின் ஃபைனைவிட மெல்லியது, ஏறக்குறைய அவர்களுடைய எக்ஸ்ட்ரா ஃபைன் அளவு. இதெல்லாம் எனக்குத் தெரியாததும் இல்லை. தெரிந்தும் கோட்டைவிட்டேன்.

சரி, ஊரிலேயே ஏதாவது வழி இருக்கிறதா பார்ப்போம் என்று கிளம்பினேன். முதலில் திருச்சியில் ஒரு ஷோரூம். ஏசி, கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, பெட்டிக்குப் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பாட்டில். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். விற்பனைப் பெண் நல்ல மாதிரி, காபி கூட வரவழைத்தார். ஆனால் நிப்பை மையில் தோய்த்து எழுதிப்பார்க்கலாமா என்றதும், “டிப் பண்ணினா அப்புறம் விக்க முடியாது சார்” என்றுவிட்டார். காய்ந்த நிப்பைத் தாளில் தேய்த்துப் பார்ப்பது மூடிய பானையை முகர்ந்து குழம்புக்கு உப்புப் பார்ப்பது மாதிரி. இருந்ததும் மீடியம் மட்டும்தான். “18 காரட் சார், அதான் ஸ்மூத்” என்றார். அது சரியில்லை. காகிதத்தில் படுவது தங்கமே இல்லை. நுனியில் பற்றவைத்திருக்கும் கடினமான உலோகக் குண்டுமணி. இரிடியம் என்று பேர் நிலைத்துவிட்டது. வழுக்குவதும் கீறுவதும் அதைத் தீட்டிய விதத்தில் இருக்கிறது. தங்கத்தின் லாபம், மையின் அமிலத்துக்கு அரிக்காது என்பது. நிப்பில் 585 என்றிருந்தால் 14 காரட், 750 என்றால் 18. 916 பார்த்தே பழகிய நம் ஊர்க் கண்ணுக்கு இரண்டுமே குறைச்சல்தான். மோன்ட்பிளாங்க் கம்பெனிப் பேனாவின் நிப்பில் இருக்கும் 4810-ஐயும் காரட் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். அது கம்பெனிக்குப் பேர் கொடுத்த ஆல்ப்ஸ் மலையின் உயரம், மீட்டரில்.

மறுநாள் கும்பகோணத்தில் ஒரு பழைய ஸ்டேஷனரிக் கடை. இங்கே பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. கடைக்காரர் மை பாட்டிலைத் திறந்து முன்னால் வைத்து, பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் காட்டி, “எழுதிப் பாருங்க” என்றார். நான்கைந்து பேனாவில் ‘வெண்ணாறு, கொள்ளிடம், தஞ்சாவூர்’ என்று எழுதிப் பார்த்தேன். முந்நூறு ரூபாய்ச் சீனப் பேனா ஒன்று ண-வின் கண்களைத் திறந்துவைத்தே எழுதியது, கொஞ்சம் கீறினாலும். என் கதையைக் கேட்டுவிட்டு அவர்தான் தஞ்சாவூருக்கு வழி சொன்னார்: கீழ ராஜ வீதிப் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பண்ணும் ஒருவர், பேனாவும் பார்ப்பார்.

தஞ்சாவூர்க்காரர் பேனாவை வாங்கினார், கடிகார லென்ஸைக் கண்ணில் செருகினார், நிப்பைப் பார்த்தார். “முதல் எழுத்து வராதே?” நான் சொல்லவேயில்லை. உண்மைதான், பேனாவை வைத்தவுடன் முதல் கோடு மையில்லாமல் போகும், இரண்டாவதில்தான் பிடிக்கும். அவர் விளக்கியது இது: நுனியை மிஞ்சிப் பாலிஷ் போட்டால் நடுப் பிளவின் உள் ஓரங்கள் உருண்டுவிடும். மை பிளவு வழியாக இறங்கி அந்தப் பள்ளத்திலேயே நின்றுகொள்ளும், தாளைத் தொடாது. மற்றபடி நாக்கு நன்றாகவே இருக்கிறதாம். நாக்கு என்பது நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டை; மை கீழே இறங்கவும் அதற்கு ஈடாகக் காற்று மேலே ஏறவும் அதில் பள்ளம் வெட்டியிருக்கும். 1884-இல் வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது இந்தச் சங்கதிக்குத்தான்.

“தேய்ச்சுக் குடுத்துடலாங்களா?” என்றேன்.

“எழுதுறது யாரு, நீங்களா?”

“அப்பா.”

“அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க சார்.”

எனக்கு எரிச்சல்தான். லீவு இன்னும் நான்கு நாள். ஆனாலும் மறுநாள் காலை பாசஞ்சரில் அப்பாவோடு போனேன். அப்பாவுக்குக் குஷி, நெடுநாளாகத் தஞ்சாவூர் வரவில்லையாம். கடைக்காரர் ஸ்டூல் போட்டு, “ஐயா, ரெண்டு வரி எழுதுங்க, எப்பவும் எழுதுற மாதிரி” என்றார். அப்பா எழுதினார். கடைக்காரர் எழுத்தைப் பார்க்கவேயில்லை, கையைத்தான் பார்த்தார். “ஐயா பேனாவை உள்பக்கமா கொஞ்சம் திருப்பிப் பிடிக்கிறாங்க. நிப்புல பிளவுக்கு ஒரு பக்கத்துக் கால் தாள்ல படுது, மறுபக்கத்துக் கால் தூக்கிக்கிட்டு நிக்குது.” எண்பது வயதுக்குமேல் பிடியை மாற்றச் சொல்ல முடியுமா? நிப்பைத்தான் மாற்றவேண்டும்.

தேய்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொன்னார். தான் கைவைத்தால் கம்பெனி வாரண்டி போய்விடும். தேய்த்த குண்டுமணி திரும்ப வளராது. “யோசிச்சுச் சொல்லுங்க.” இத்தனை கடை ஏறி இறங்கியதில் இப்படிச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அப்பா என்னைப் பார்க்காமலே, “தேய்ங்க” என்றார். விலை தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

மெல்லிய பித்தளைத் தகட்டைப் பிளவில் விட்டு இழுத்தார். இரண்டு கால்களையும் நகத்தால் சமம் பண்ணினார். அப்புறம் கல்லில் நாலு இழுப்பு, அப்பாவிடம் கொடுத்து எழுதச் சொல்வது, வாங்கி லென்ஸில் பார்ப்பது, மறுபடி நாலு இழுப்பு. கடைசியில் நைசான உப்புத்தாள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. இடையில் அப்பா, அரண்மனையில் சரசுவதி மகால் ஓலைச்சுவடிகளில் புள்ளியே வைக்கமாட்டார்கள், வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று ஆரம்பித்தார். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே தேய்த்தார். எத்தனையாவது தடவை இதைக் கேட்கிறாரோ, தெரியவில்லை. கடை அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

‘வெண்ணாறு’ இப்போது கண் திறந்துவிட்டது. முதல் கோடும் தவறுவதில்லை. ஆனால் நான் வாங்கி எழுதினால் கீறுகிறது. என் பிடி நேர்ப்பிடி. கேட்ட கூலி முந்நூற்றைம்பது ரூபாய். ஐந்நூறாகக் கொடுத்தேன், மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரசீது இல்லை, கார்டு எடுப்பதில்லை, ஜிபே உண்டு.

உரக்கடைப் பில்லுக்கு அப்பா இன்னும் ஜெல் பேனாதான். அடியில் கார்பன் தாள், அழுத்தி எழுதவேண்டும். நோட்டுக்கு மட்டும் இது. நான் கிளம்பும் அன்று திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றபோதுதான் கேட்டார்: “இந்த மை தீந்துபோனா கும்பகோணத்துல கிடைக்குமாடா, இல்ல நீதான் கொண்டாரணுமா?” கிடைக்கும் என்றேன். “அப்ப சரி” என்று உள்ளே போய்விட்டார்.