போட்டோவை வெப்சைட்டுக்கு கம்ப்ரஸ் பண்ணித் தர்றோம்னு சொல்றவங்ககிட்ட உஷாரா இருங்க

பாதி சைஸ்ல அதே குவாலிட்டின்னு விளம்பரம் போட்டு ஆன்லைன்ல வேலை எடுக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. எல்லாரையும் சொல்லல. ஆனா எனக்கு செஞ்சவங்க பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டு, படத்தையும் நாசம் பண்ணிட்டு, என்ன கேட்டாலும் "ஃபைல் சைஸ் குறைஞ்சிருக்குல்ல சார்"னு ஒரே பதிலைத்தான் சொன்னாங்க. பேர் போடல, என்ன பண்ணாங்கன்னு மட்டும் விவரமா எழுதுறேன், இதே தில்லுமுல்லை வேற யார் பண்ணாலும் நீங்க பாத்த உடனே கண்டுபிடிச்சிடலாம்.

நான் பறவை படம் எடுக்கிறவன். படமெல்லாம் 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 பிக்சல், கலர் அடோபி ஆர்ஜிபில (நிறைய நிறம் பிடிக்கிற கலர் முறை) இருக்கு. சைட்டுக்கு சின்னதாக்கணும், வெப்சைட்டுக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி கலர் முறைக்கு மாத்தணும், ஃபைலுக்குள்ள பதிவாகியிருக்கிற, படம் எடுத்த இடத்தோட ஜிபிஎஸ் லொகேஷனை கண்டிப்பா தூக்கிடணும்னு மெசேஜ்லயே எழுதிக் குடுத்தேன். எல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்னாங்க, சைட்ல அவங்களே ஏத்தியும் குடுத்துட்டாங்க.

முதல்ல கண்ணுல பட்டது வெண்மார்பு மீன்கொத்தி படம். பாத்திருக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த றெக்கையோட நீலம் அப்படியே பளிச்னு இருக்கும். சைட்ல அது வெளுத்துப் போய் உயிரே இல்லாம இருக்கு. பின்னாடி வானம் வழுவழுன்னு இருக்க வேண்டிய இடத்துல சின்னச் சின்ன சதுரம், கிளையைச் சுத்தி அழுக்கு அப்பின மாதிரி புள்ளிகள், சிவப்பு அலகோட ஓரம் பக்கத்துல இருக்கிற வானத்துல கசிஞ்சு கிடக்கு.

ஃபைலை டவுன்லோட் பண்ணிப் பாத்தா விஷயம் புரிஞ்சுது. பிக்சல் இன்னும் 6000க்கு 4000தான்! நிறைய மானிட்டர்ல அகலம் 1920 பிக்சல்தான், அதுல காட்டுறதுக்கு 6000 எதுக்கு? மொதல்ல பிக்சலைக் குறைக்கணும், அப்பறம் குவாலிட்டியை அளவாக் குறைக்கணும், அதுதான் வேலையே. இவங்க பிக்சலைத் தொடவே இல்ல, குவாலிட்டியை மட்டும் அடிமட்டத்துக்கு இழுத்து விட்டுட்டாங்க. ஜேபெக் (.jpg ஃபைல்) படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டம் கட்டமாப் பிரிச்சுத்தான் சுருக்கும், குவாலிட்டி குறையக் குறைய ஒவ்வொரு கட்டத்துலயும் நுணுக்கமான விவரத்தை தூக்கி எறியும், அதனாலதான் வானத்துல சதுரம். அது போக கலரை மட்டும் நாலு பிக்சலுக்கு ஒன்னுன்னு சேமிக்கிற செட்டிங் ஒன்னு இருக்கு, சாதாரண படத்துல கண்ணுக்குத் தெரியாது, ஆனா சிவப்பும் நீலமும் ஒட்டி நிக்கிற இடத்துல காட்டிக் குடுத்துடும், அலகு கசிஞ்சது அதுல.

நீலம் வெளுத்ததுக்குக் காரணம் வேற. அடோபி ஆர்ஜிபில இருந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாத்தாம, எந்தக் கலர் முறைன்னு ஃபைல்ல சொல்ற ப்ரொஃபைலை மட்டும் பிச்சுப் போட்டுட்டாங்க. ப்ரொஃபைல் இல்லாத படத்தை பிரவுசர் எஸ்ஆர்ஜிபின்னே எடுத்துக்கும், அப்போ கலர் செத்துத்தான் தெரியும். இதை நான் எழுதியே குடுத்திருந்தேன்னு மறுபடியும் சொல்றேன்.

கம்ப்ளெயின்ட் பண்ணதும் பண்ண வேலைதான் பச்சை ஏமாத்து. "95 குவாலிட்டில போட்டு அனுப்பியிருக்கோம் சார், செக் பண்ணுங்க"ன்னு புது ஃபைல் வந்துச்சு. சைஸ் பல மடங்கு ஏறியிருக்கு, ஆனா அதே சதுரம் அதே இடத்துல, ஒரு பிக்சல் கூட நகரல. ஒரிஜினலை எடுத்துத் திரும்பச் செய்யாம, அவங்க கெடுத்து வச்ச ஃபைலையே திரும்ப சேவ் பண்ணியிருக்காங்க. ஜேபெக்ல ஒரு தடவை போனது போனதுதான், மேல 95 போட்டாலும் 100 போட்டாலும் திரும்ப வராது. இதைக் கேட்டா, லாஸ்லெஸ் (எதையும் இழக்காத சுருக்கம்) வேணும்னா பிஎன்ஜி ஃபைலா தர்ற பேக்கேஜ் எடுங்க, அதுக்கு தனிக் காசுன்னாங்க. பிஎன்ஜி எதையும் இழக்காதுங்கிறது உண்மைதான், ஆனா கெட்டுப்போன ஜேபெக்கை பிஎன்ஜியா மாத்தினா அந்தக் கெட்டதையும் ஒன்னு விடாம பத்திரமா வச்சுக்கும், சைஸ் மட்டும் எகிறும். பில்லுல "72 டிபிஐ கன்வர்ஷன்"னும் ஒரு வரி இருந்துச்சு. டிபிஐ பிரின்ட்டுக்கு உண்டான நம்பர், பிரவுசர் பிக்சலைத்தான் பாக்கும், அதுக்கு காசு கேட்டா குடுக்காதீங்க.

இதெல்லாம் கூட பரவால்ல. பறவை பாக்குற அக்கா ஒருத்தங்க போன் பண்ணி "தம்பி, உன் படத்துல லொகேஷன் அப்படியே இருக்கு, கூடு இருக்கிற மண்மேடு மேப்ல வந்து நிக்குது, உடனே எடு"ன்னாங்க. கலர் ப்ரொஃபைலைத் தூக்கினவங்க ஜிபிஎஸ்ஸை விட்டு வச்சிருக்காங்க. கூட்டுக்குக் கிட்ட ஆளுங்க நெருக்கினா தாய்ப்பறவை கூட்டையே விட்டுட்டுப் போகலாம், முட்டையும் குஞ்சும் அதோட போச்சு. சைட்டையே அப்படியே இறக்கிட்டேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கல.

இப்ப எல்லாத்தையும் ஒரிஜினல்ல இருந்து ஜிம்ப்ங்கிற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நானே பண்றேன், ஃப்ரீதான். எஸ்ஆர்ஜிபிக்கு கன்வெர்ட், நீளப் பக்கம் 2000 பிக்சல், சின்னதாக்கினா படம் லேசா மங்கும்ங்கிறதால அதுக்கப்பறம் கொஞ்சமா ஷார்ப்பன், எக்ஸ்போர்ட்ல எக்ஸிஃப் (லொகேஷன் மாதிரி விவரம் இருக்கிற பகுதி) டிக்கை எடுத்துட்டு குவாலிட்டி 80 பக்கம். அந்த 80ங்கிறது ஒவ்வொரு சாஃப்ட்வேர்லயும் ஒவ்வொரு மாதிரி, போட்டோஷாப்ல சாதாரணமா ஜேபெக்கா சேவ் பண்ணா 12 வரைக்கும்தான் ஸ்கேலே, அதனால நம்பரை நம்பாதீங்க, 100 சதவீத ஜூம்ல வானத்தையும் இறகையும் பாத்து முடிவு பண்ணுங்க. வெப்பி (WebP)ங்கிற ஃபைல் வகையும் நல்லாத்தான் இருக்கு, கண்ணுக்கு அதே மாதிரி தெரிஞ்சாலும் சைஸ் இன்னும் குறையும்.

வெளியில குடுத்தே ஆகணும்னா காப்பியை மட்டும் குடுங்க, ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கட்டும். மொத்தமா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் செஞ்சு காட்டச் சொல்லுங்க, அதுவும் நல்ல சிவப்பும் வெறும் வானமும் இருக்கிற படமாக் குடுங்க, சொதப்பினா அதுல மறைக்க முடியாது. வந்த ஃபைல்ல பிக்சல் அளவு, ப்ரொஃபைல், ஜிபிஎஸ் மூணையும் பாருங்க.

என் பணம் இன்னும் திரும்பி வரல, விடாம கேட்டுட்டுத்தான் இருக்கேன். ஏற்கனவே இப்படி யார்கிட்டயாவது குடுத்து சைட்ல ஏத்தியிருந்தீங்கன்னா குவாலிட்டி எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், முதல்ல படத்தை டவுன்லோட் பண்ணி லொகேஷன் இருக்கான்னு பாருங்க, கூடு இருக்கிற படம்னா இப்பவே பாருங்க.