டயர் வாங்கும் முன் பிரிவை முடிவு செய்யுங்கள்: ஆட்டோகிராஸ் ஓட்ட வருவோருக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் ஓட்டத் தொடங்கும் நம்மவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டெட்ராய்ட் அருகே ஒரு கார் பட்டறை என்னிடம் 1,940 டாலர் வாங்கிக்கொண்டு, என் காரை எந்தப் பிரிவிலும் ஈடுகொடுக்க முடியாத நிலையில் நிறுத்திவிட்டது. திரும்பக் கிடைத்தது 120 டாலர். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் விற்ற விதம் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய வாகன நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளால் பாதை அமைத்து, கார்களை ஒவ்வொன்றாக விட்டு நேரம் குறிப்பார்கள். ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கூம்பைச் சாய்த்தால் 2 வினாடி கூடும். காரின் வகையையும் அதில் என்னென்ன மாற்றியிருக்கிறது என்பதையும் பொறுத்துக் கார்களைப் பிரிவுகளாகப் பிரித்துப் போட்டியிடவைப்பார்கள். அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டும் காரிலேயே கலந்துகொள்ளலாம் என்பதால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை வந்தது.

என்னுடையது 2001ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்சிசிஏவின் விதிப்புத்தகத்தின்படி அது அப்போது 'இ ஸ்ட்ரீட்' பிரிவில் சேரும். ஸ்ட்ரீட் பிரிவுகளில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம், முன்பக்கமோ பின்பக்கமோ வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் ஒன்றை மாற்றலாம். ஆனால் ஸ்பிரிங் தொழிற்சாலையில் வந்ததாகவே இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் ட்ரெட்வேர் என்ற தேய்மான எண் 200க்குக் குறையக் கூடாது. இவை இரண்டும் அடிப்படை விதிகள். அவற்றை நான் அப்போது படித்திருக்கவில்லை. படித்தவர்கள் என்று நம்பித்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

சுவர் முழுவதும் பந்தயப் படங்கள். "ஆட்டோகிராஸ் ஓட்டப்போகிறேன், முதல் பருவம், காரை அதற்கேற்பத் தயார் செய்துதாருங்கள்" என்று தெளிவாகச் சொன்னேன். விற்பனையாளர் உடனே ஒரு தொகுப்பை நீட்டினார்: காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கு, ட்ரெட்வேர் 100 கொண்ட டயர் நான்கு, வீல் அலைன்மென்ட். "எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகும், பிடிப்பு கூடும். மற்றவர்கள் 200இல் வருவார்கள், நீங்கள் 100இல் போங்கள்" என்றார். எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவரால் அந்தத் தொகுப்பை எனக்கு விற்றிருக்க முடியாது.

முதல் போட்டி நாள் காலையில் குளிர் 7 டிகிரி செல்சியஸ். பரிசோதனையில் சக்கர நட்டு, பேட்டரிப் பிடி, பிரேக், ஹெல்மெட் எல்லாம் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அங்கே பார்ப்பது பாதுகாப்பை மட்டும்தான். பிரிவுக்கு ஏற்ற காரா என்பது ஓட்டுபவரின் பொறுப்பு. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் என் டயரைக் குனிந்து பார்த்தார், பிறகு காரின் உயரத்தைப் பார்த்தார். "தம்பி, கதவில் இ ஸ்ட்ரீட் என்று ஒட்டியிருக்கிறாய். இந்தக் கார் அதில் ஓட முடியாதே" என்ற பொருளில் ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னார். விதிப்புத்தகத்தைத் திறந்து அவரே கூட இருந்து படித்துக்காட்டினார்.

ஸ்பிரிங் மாறியதால் ஸ்ட்ரீட் போயிற்று. அடுத்த படியான 'ஸ்ட்ரீட் டூரிங்' பிரிவில் ஸ்பிரிங்கை மாற்றலாம், ஆனால் அங்கும் டயர் 200 ஆக இருக்க வேண்டும். அதுவும் போயிற்று. மிஞ்சியது 'சி ஸ்ட்ரீட் ப்ரிப்பேர்டு'. அந்தப் பிரிவில் ஓடும் மியாட்டாக்கள் ஹூசியர் ஏ7 போன்ற பந்தய டயரும் மிக அகலமான ரிம்மும் போட்டு, ஆண்டுக்கணக்கில் செதுக்கப்பட்டவை. ஸ்பிரிங்கும் டயரும் மட்டும் மாறிய என் கார் அவற்றின் நடுவே நின்றது.

பிரிவுகளுக்கு இடையே ஒப்பிட பாக்ஸ் என்ற பெருக்கு எண் உண்டு. இ ஸ்ட்ரீட்டுக்கு அது சுமார் 0.79, சி ஸ்ட்ரீட் ப்ரிப்பேர்டுக்கு சுமார் 0.86. ஒரே 60 வினாடி ஓட்டம் முதலாவதில் 47.4 ஆகக் கணக்கிடப்படும், இரண்டாவதில் 51.6 ஆகும். நூறில் ஒரு பங்கு வினாடிக்காக அடித்துக்கொள்ளும் விளையாட்டில் 4 வினாடியை அந்தப் பட்டறை பறித்துக்கொண்டது.

பிடிப்பாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 100 எண் கொண்ட டயர்களில் பல நீண்ட பந்தயப் பாதைக்கானவை. சில சுற்றுகள் ஓடிச் சூடேறிய பிறகுதான் அவை தம் குணத்தைக் காட்டும். ஆட்டோகிராஸில் ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு நெடுநேரம் காத்திருக்கிறோம், டயர் மறுபடி ஆறிவிடுகிறது. முதல் சுற்றில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகச் சறுக்கிக்கொண்டே போய் மூன்று கூம்புகளைச் சாய்த்தது. அந்த முதியவரின் காரும் மியாட்டாதான். இயல்பான ஸ்பிரிங், பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர், ட்ரெட்வேர் 200. என்னைவிட 5 வினாடிக்கு மேல் வேகம். அனுபவ வேறுபாடு அதில் பெரும்பங்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் என் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "இந்தக் குளிரில் இந்த டயர் விழிக்கவே இல்லை" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ட்ரெட்வேர் எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துக் குறிக்கிறார். அது தேய்மானத்தைப் பற்றியது, பிடிப்பின் அளவு அல்ல. ஒரு நிறுவனத்தின் 200ஐ இன்னொரு நிறுவனத்தின் 200க்குச் சமம் என்று கொள்ள முடியாது. "எண் குறைந்தால் வேகம்" என்று ஒரே வரியில் விற்பவரை நம்பாதீர்கள்.

அன்று மாலை ஐ-94 நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. வரிப்பள்ளம் குறைவான அந்த டயர்கள் தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கின. மணிக்கு 45 மைலுக்குமேல் போக அஞ்சி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இதே காரில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன் என்று பட்டறையில் சொல்லியிருந்தேன். இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் அடங்குவதில்லை.

மறுநாள் காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தாலும் இருக்கும். என் கார் டயர்களில் அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தது. இரண்டு டயர்களில் 3513, அதாவது 2013ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நாலரை ஆண்டு கிடங்கில் கிடந்ததைப் புதியதன் விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

பட்டறைக்குத் திரும்பிப் போனேன். பூட்டிய டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பழைய ஸ்பிரிங்குகளையாவது கொடுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "குப்பையில் போட்டுவிட்டோம்" என்றார்கள். என்னைக் கேட்கவே இல்லை. மிச்சிகன் சட்டப்படி, கழற்றிய பாகங்களைத் திருப்பித்தர வேண்டியது பட்டறையின் கடமை. அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் 120 டாலர் வந்தது. மாநிலச் செயலர் துறையில்தான் பட்டறைகள் பதிவு பெறுகின்றன. அங்கே புகாரும் கொடுத்தேன். இயல்பான பழைய ஸ்பிரிங் ஒரு செட்டைத் தேடிப்பிடித்து 60 டாலருக்கு வாங்கி, நண்பரின் கராஜில் ஒரு ஞாயிறு முழுவதும் செலவிட்டு மாட்டினேன்.

புதிதாக வருபவர் முதல் ஆண்டில் காரில் எதையும் மாற்றத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. இருக்கும் டயரில் ஓட்டுங்கள். சுண்ணக்கட்டியால் டயரின் விளிம்பில் கோடு போட்டு, எவ்வளவு தூரம் அழிகிறது என்று பார்த்துக் காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். வேண்டிய பாடம் அதிலேயே கிடைக்கும். பிறகு உங்கள் காரின் பிரிவை நடப்பாண்டு விதிப்புத்தகத்தில் நீங்களே தேடிப் படியுங்கள். டயர் வாங்கும்போது அது பூட்டப்படும் முன், நீங்கள் நேரில் நின்று நான்கிலும் அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். மதிப்பீட்டுத் தாளில் பிரிவின் பெயரை எழுதி, இந்தப் பிரிவுக்கு ஏற்றது என்று கையெழுத்துக் கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

மிச்சிகனில் இருப்பவர்கள் பட்டறை கொடுத்த மதிப்பீட்டுத் தாளை, பணம் கட்டும் முன் எனக்குக் காட்டுங்கள். விதிப்புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.