ஆடிக்காற்றில் கேட் மோட்டார்: சில வருட அனுபவம்

பல்லடம் பக்கம் வீடு. போர்டிகோவுக்கு முன்னால் முழுத்தகடு அடித்த ஸ்லைடிங் கேட், அதற்கு ரிமோட் மோட்டார். வைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மோட்டார் இதுவரை பழுதானதில்லை. தொல்லையெல்லாம் கேட்டிலிருந்துதான்.

பெரிய தொல்லை காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு அது வருமானம், நமக்கு உபத்திரவம். காற்று தகட்டைத் தள்ளும்போது கேட் மேலே உள்ள கைடு ரோலரில் உரசுகிறது. பாரம் கூடியதும், எதிலோ இடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மோட்டார் பாதியில் நின்று திரும்பிவிடும்.

சர்வீஸுக்கு வந்தவர், "ஃபோர்ஸை ஏத்தி உட்டா ஓடிருமுங்க" என்றார். ஓடும்தான். ஆனால் குறுக்கே ஒரு குழந்தை நின்றால் கேட் எவ்வளவு அழுத்திய பிறகு நிற்கும் என்பதும் அந்த ஃபோர்ஸைக் கூட்டிக் குறைக்கும் திருகில்தான் இருக்கிறது. வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

சாவி போட்டு கிளட்சை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளிப் பார்த்தோம். காற்றில்லாத நேரத்திலும் இழுத்துப் பிடித்தது. சக்கரம் தேய்ந்து கேட் கொஞ்சம் இறங்கி, ரேக் (கேட்டில் நீளமாகப் பிடித்திருக்கும் பல் சட்டம்) அப்படியே பினியன் (அதை நகர்த்தும் மோட்டாரின் பல்சக்கரம்) பல்மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கேட்டின் எடை மோட்டார்மேல் இறங்கவே கூடாது. சக்கரங்களை மாற்றி, ரேக் போல்ட்டைத் தளர்த்திச் சரிபார்த்து முடுக்கியதும் கடகடவென்ற சத்தம் போய்விட்டது. ரேக்கில் கிரீஸ் தடவவில்லை. நம்மூர்ப் புழுதி அதில் ஒட்டிக்கொண்டு பல்லைத் தின்றுவிடும். அப்புறமும் கடுங்காற்றில் எப்போதாவது திரும்புகிறது. அன்றைக்குக் கையால் மூடிக்கொள்கிறோம்.

லிமிட்டுக்கு, அதாவது கேட் எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குக் காட்ட, ரேக்கின் இரு முனையிலும் காந்தம் உண்டு. கேட் ஸ்டாப்பரில் மோதாமல் ஒரு விரல்கடை முன்னாலேயே நிற்கும்படி அதை நகர்த்தி வைத்தேன்.

போட்டோ சென்சார் எங்களுக்குத் தனி விலை. அமெரிக்காவில் வீட்டு கராஜ் கதவு மோட்டார்களுக்கு, குறுக்கே ஆள் வந்தால் கண்டுகொள்ளும் இதுபோன்ற ஏற்பாடு 1993 முதலே கட்டாயம். இங்கே கொட்டேஷனில் விலையைக் குறைக்க முதலில் அடிபடுவது அதுதான். வீட்டில் பொடுசுகளோ நாயோ இருந்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

மழைக்கு முன் தண்டவாளத்து மண்ணை வாரிவிட வேண்டும். மோட்டார் பெட்டிக்குள் ஒயர் நுழையும் துளையை சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் போர்டில் குடியேறினால் செலவு ஆயிரங்களில்.

கேட்டுக்குப் பக்கத்தில் போய் அமுக்கினால்தான் ரிமோட் கேட்கிறது என்றால் பெரும்பாலும் பேட்டரிதான். எங்கள் ரிமோட்டுக்கு 27ஏ, 12 வோல்ட். அதற்குப் போய் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.