தூக்க மிட்டாய்: மருந்துக் கடையில் வாங்கிய ஓர் ‘உணவு’

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறி மாறி வேலை பார்ப்பவன் நான். நைட் ஷிப்டு வாரத்தில், விடிந்தபின் கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குத் திரும்பிப் படுத்தால் கண் மூடுவதே பெரும்பாடு. ரவுண்டானா பக்கம் ஒரு மருந்துக் கடையில் இதைச் சொன்னபோது, டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தர முடியாது என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அதில் தவறே இல்லை. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை, டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் வருவன; 2014 முதல் அவற்றை விற்கும் கடை மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதே மூச்சில், “இதுக்குச் சீட்டு வேண்டாம் சார், பக்கவிளைவே கிடையாது” என்று அவர் அலமாரியிலிருந்து ஓர் ஊதா டப்பாவை எடுத்து வைத்தார். 30 மிட்டாய்கள், 549 ரூபாய். ஒவ்வொன்றிலும் 5 மில்லிகிராம் மெலட்டோனின் (தூக்கத்துக்காக உடலே சுரக்கும் ஹார்மோன்) என்று அச்சிட்டிருந்தது.

டப்பாவின் முன்புறத்தில் பிறை நிலவும், “தூக்கமின்மைக்குத் தீர்வு” என்ற கொட்டை எழுத்தும் இருந்தன. பின்புறம் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான், “மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல” என்ற பொருளில் கடுகளவு ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. இந்த இரண்டு வாசகங்களும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது. ஏனெனில் இத்தகைய பொருள்கள் மருந்தாக அல்லாமல் உணவாக, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. இவற்றுக்கென 2016இல் கொண்டுவரப்பட்ட விதிமுறைகள், நோயைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ சொல்லி விற்பதை அனுமதிப்பதில்லை. மருந்தல்ல என்னும் எச்சரிக்கை கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. உரிமத்துக்கான 14 இலக்க எண் மட்டும் டப்பாவில் ஒழுங்காக இருந்தது.

இனி மிட்டாயைப் பற்றி. நாவல்பழச் சுவை, தித்திப்பு சற்று அதிகம். பத்து நாள் சாப்பிட்டதில் நான்கு நாள்களாவது வழக்கத்தைவிடச் சீக்கிரம் தூங்கினேன் என்று நினைக்கிறேன். ஆனால் அதே வாரம்தான் ஜன்னலுக்குக் கனமான திரை போட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 19 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு கட்டுரை, மெலட்டோனின் எடுப்பவர்கள் சராசரியாக 7 நிமிடங்கள் முன்னதாகத் தூங்கிவிடுகிறார்கள் என்கிறது. அந்த 7 நிமிடத்துக்கு ஒரு மிட்டாய் பதினெட்டு ரூபாய்.

அச்சிட்ட 5 மில்லிகிராம் உண்மையில் உள்ளே இருக்கிறதா என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அமெரிக்காவிலும் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி இவை மருந்தாக அல்லாமல் சத்துப் பொருளாகவே, முன் ஒப்புதல் இன்றி விற்கப்படுகின்றன. அங்கே 25 மெலட்டோனின் மிட்டாய் வகைகளைச் சோதித்து 2023இல் வெளியிட்ட முடிவில், 22 வகைகளில் லேபிளில் சொன்ன அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மூன்றரை மடங்குக்கு மிக அருகில் இருந்தது, இன்னொன்றில் மெலட்டோனினே இல்லை. பிரிட்டனிலோ இதே பொருளை வாங்க டாக்டர் சீட்டு வேண்டும்.

மிட்டாய் வடிவத்தில் விற்பதையே நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் மகன், ஐந்து வயது, நாற்காலி போட்டு ஏறி மூடியைத் திருகிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். மூடி ஊறுகாய் டப்பா மூடியைப் போலச் சுலபமாகத் திறக்கிறது.

மறுநாள் கடையில் லேபிளைக் காட்டிக் கேட்டபோது, “கம்பெனிக்காரன் ஒட்டினதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?” என்றார். விலைச் சீட்டு அந்தக் கடையினுடையது. டாக்டர் சீட்டு கேட்கும் மாத்திரைக்கு மருந்து ஆய்வாளரும், அதே அலமாரியில் இருக்கும் இந்த டப்பாவுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலரும் பொறுப்பு என்பதால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு இருபுறப் படங்களோடும் பில்லோடும் எழுதியிருக்கிறேன். ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த அரையும் நாவல்பழச் சுவைக்காக. மீதி இருபது மிட்டாய்கள் பீரோவில் பூட்டி இருக்கின்றன.