வளைவுத் தலை ஒளிக்கண்ணாடி: பெட்டியில் வருவதா, மதுரையில் செய்வதா?

மதுரை ரயில் நிலையத்தைச் சுற்றியும் மாட்டுத்தாவணிப் பக்கமும் புதுப்பிக்கப்படும் விடுதிகளிலிருந்து எங்களிடம் வருபவர்கள் இப்போது குளியலறைக்குச் சதுரக் கண்ணாடி கேட்பதில்லை. தலைப்பகுதி அரைவட்டமாக வளைந்து, விளிம்பை ஒட்டி வெளிச்சம் வரும் ஆர்ச் கண்ணாடிதான் வேண்டும் என்கிறார்கள். ஒன்றிரண்டு என்றால் எந்தப் பட்டறையும் செய்து கொடுத்துவிடும். எண்பது அறைகளுக்கு ஒரே அளவில், ஒரே நிற வெளிச்சத்தில் வேண்டும் என்னும்போதுதான், சீனாவிலிருந்து தூத்துக்குடி வழியாகப் பெட்டிப் பெட்டியாக வரும் ஆயத்தக் கண்ணாடியை வாங்கி மாட்டுவதா, தாள் கண்ணாடியை வாங்கி இங்கேயே வெட்டிச் சட்டம் கட்டி விளக்குப் பொருத்துவதா என்ற கேள்வி எழுகிறது. கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் நான் இரண்டையும் செய்திருக்கிறேன். இரண்டையும் பழுதும் பார்த்திருக்கிறேன்.

முதலில் இரண்டு குழப்பங்களை ஒதுக்கிவிடலாம். வளைந்த கண்ணாடி என்றதும் பரப்பே வில்லாக வளைய வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அதற்குக் கண்ணாடியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸில் அச்சின் மேல் வளைத்து, அதன் பிறகே ரசம் பூச வேண்டும். அதில் பார்த்தால் முகம் கோணலாகத் தெரியும் என்பதால் அறைக் கண்ணாடிக்கு அது உதவாது. அதேபோல், ரசம் பூசிய கண்ணாடியைப் பின்னர் டஃப்பண்ட் (உலையில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றிய கண்ணாடி) ஆக்க முடியாது. உலைச் சூட்டில் பூச்சு எரிந்துவிடும். உடைந்தால் சில்லு சிதறாமலிருக்க முதுகில் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினால் போதும்.

இனி அளவுக் கணக்கு. அகலம் 600 மில்லிமீட்டர், உயரம் 900 மில்லிமீட்டர், தலை அரைவட்டம், கனம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கண்ணாடி ஆறரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். 2440-க்கு 1830 அளவுள்ள தாளில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும்; எண்பது அறைகளுக்குப் பத்துத் தாள்கள். ஒவ்வொரு செவ்வகத் துண்டிலும் ஆர்ச் வடிவுக்காகப் போகும் கழிவு சுமார் 7 சதவீதம்தான். முழு வட்டம் கேட்டிருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிவாகப் போயிருக்கும். வெட்டும் வேலையில் ஆயத்தக் கண்ணாடிக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் வைரச் சக்கரம் ஓடிய விளிம்பில், நேர்க்கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தை விரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. அச்சுப் பலகை வைத்துக் கையால் வெட்டிப் பெல்ட்டில் தேய்த்தால், எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், அந்த இடத்தில் ஒரு சிறு தோள் தெரியும். ஆகவே இங்கே செய்வதானாலும் வெட்டும் விளிம்புப் பாலிஷும் மட்டும் சிஎன்சி உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும்.

வெளிச்சத்தில்தான் பேச வேண்டியது அதிகம். பின்னொளி என்பது சட்டத்தின் வெளிப்பக்கத்திலிருந்து சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி, பார்க்க அழகு. ஆனால் சுவரில் கருஞ்சாம்பல் டைல்ஸ் இருந்தால் அந்த ஒளியை டைல்ஸே விழுங்கிவிடும். சவரம் செய்பவருக்கும் பொட்டு வைப்பவருக்கும் முகம் இருட்டாகவே இருக்கும். முன்னொளிக்கு, கண்ணாடியின் முதுகில் 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு ரசத்தை மணல் வீச்சில் எடுத்து, ஒளி கசியும் மங்கலான பனிப்பட்டை போடுகிறோம். முகத்துக்கு நேராக ஒளி வருகிறது. அதற்குக் கொடுக்கும் விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கண்ணாடியின் வெளிவிளிம்பு மொத்தம் 2.74 மீட்டர், இரு பக்கமும் தலையும் பட்டை எடுத்தால், ரசம் வெட்டுப்பட்டு நிற்கும் புதிய விளிம்பு மூன்றரை மீட்டருக்கு மேல் கூடுகிறது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் மட்டுமே இருக்கும் வெள்ளிப் படலம் அது. ஈரமும், தரை கழுவும் ஆசிடின் ஆவியும் முதலில் நுழைவது அங்கேதான்.

எங்களுக்கு அது பட்டே தெரிந்தது. தொடக்கத்தில் செய்த பன்னிரண்டு கண்ணாடிகளில், காடி வாசம் அடிக்கும் சாதாரண சிலிக்கானால் சட்டத்தை ஒட்டிவிட்டோம். எட்டாவது மாதம், ஒட்டிய தடத்தை அப்படியே பின்பற்றி, தாளில் மை ஊறியதுபோல ரசம் கறுத்துப் போயிருந்தது. அந்தச் சிலிக்கான் இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் பூச்சை அரித்துவிடுகிறது. பன்னிரண்டையும் கழற்றி மாற்றிக் கொடுத்தோம். அதன் பிறகு, அந்த அமிலத்தை வெளிவிடாத நியூட்ரல் சிலிக்கானைத் தவிர வேறெதுவும் பட்டறைக்குள் வருவதில்லை. பனிப்பட்டையின் இரு ஓரங்களுக்கும் வெளிவிளிம்புக்கும் காப்புப் பூச்சு இரண்டு முறை போடுகிறோம். பெட்டியில் வரும் கண்ணாடியில் அந்த ஓரம் எப்படி மூடப்பட்டிருக்கிறது என்பதை, மாதிரி ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் அறிய முடியாது. மாதிரிக்கு ஒன்றைப் பிரிப்பது வீண் செலவு அல்ல.

எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுவதிலும் வளைவு ஒரு கண்டிப்பு வைக்கிறது. ஸ்ட்ரிப் தன் தட்டைப் பக்கமாகத்தான் வளையும். முதுகுத் தகட்டில் படுக்கவைத்து அரைவட்டமாகத் திருப்பினால் மடிப்பு விழுந்து, உள்ளே இருக்கும் செப்புத் தடம் விரிசல் விட்டு, சில மாதங்களில் அந்தத் துண்டு மட்டும் அணைந்துவிடும். நாங்கள் அலுமினியப் பட்டையை உருளையில் வளைத்துச் சட்டமாக்கி, அதன் சுவரில் ஸ்ட்ரிப்பை நிறுத்தி ஒட்டுகிறோம். உருளையில் வளைத்தது எப்போதும் சற்றே விரிந்து கொடுக்கும். ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபடும். சட்டம் கண்ணாடி விளிம்பிலிருந்து 40 மில்லிமீட்டர் உள்ளே இருப்பதால் அது யார் கண்ணிலும் படாது. பிவிசி பலகையில் வெட்டிய சட்டம் அளவில் துல்லியமாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் எல்இடியின் சூட்டை அது வாங்கிக்கொள்ளாது என்பதால் அலுமினியமே என் தேர்வு. அடிப்பக்கம் குழாய்த் தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் அங்கே ஸ்ட்ரிப் வைப்பதில்லை. மீதி 1.94 மீட்டருக்கு, மீட்டருக்கு 9.6 வாட் என்றால் 19 வாட்டுக்குள் அடங்கும். மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் டிரைவர் 30 வாட்டில் இருந்தால் தாராளம். 12 வோல்ட்டைவிட 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாகிவிடுவதால் தொடக்கத்துக்கும் கடைசிக்கும் வெளிச்ச வேறுபாடு தெரியாது.

விடுதிக்காரர்கள் கவனிக்கத் தவறுவது சுவிட்சை. ஆயத்தக் கண்ணாடிகளில் பெரும்பாலும் தொடு சுவிட்ச் வருகிறது. விடுதி அறையில் சாவி அட்டையை எடுத்ததும் மின்சாரம் நின்றுவிடும். நினைவகம் இல்லாத தொடு சுவிட்ச், மின்சாரம் திரும்பியதும் அணைந்த நிலையிலேயே நிற்கும். சுவர் சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு விளக்கு எரியவில்லை என்று விருந்தினர் வரவேற்பறைக்குச் சொல்வார். நாங்கள் செய்யும் கண்ணாடியில் தொடு சுவிட்சே கிடையாது. சுவர் சுவிட்ச் நேரே டிரைவருக்குப் போகிறது.

அந்த டிரைவர் எங்கே இருக்கிறது என்பதுதான் இரண்டு வழிகளையும் பிரிக்கும் உண்மையான கோடு. ஒரு விடுதியில் மழைக்காலத்தில் ஆயத்தக் கண்ணாடி ஒன்று இருண்டுபோனது. முதுகுத் தகடு ரிவெட் அடித்து, சிலிக்கானால் மூடப்பட்டிருந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் பிரித்தபோது அடி விளிம்பு பெயர்ந்துவிட்டது. உள்ளங்கை அளவு டிரைவருக்காக முழுக் கண்ணாடியும் போயிற்று. அதே அளவில் இன்னொன்று வேண்டுமானால் அடுத்த சரக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் அறையைப் பூட்டி வைத்து வேலை பார்க்க எந்த மேலாளரும் சம்மதிக்க மாட்டார். எங்கள் முறையில் டிரைவர் கண்ணாடியில் இல்லை. பொய்க்கூரைத் திறப்புக்கு மேல், ஈரம் எட்டாத இடத்தில் இருக்கிறது. விடுதியின் எலக்ட்ரீஷியனே மாற்றிவிடுவார். கண்ணாடி இரண்டு கொக்கிகளில் தொங்குகிறது, தூக்கினால் வந்துவிடும்.

ஆவி படியாமல் வைக்கும் சூட்டுத் தாளைப் பற்றி ஒரு வரி: மதுரையில் எக்ஸாஸ்ட் விசிறி ஒழுங்காக ஓடினால் அது தேவையில்லை, கொடைக்கானல் விடுதி என்றால் அதில்லாமல் செய்யாதீர்கள்.

பல ஊர்களில் நூற்றுக்கணக்கான அறைகளுக்கு ஒரே வடிவம் வேண்டும் என்பவருக்கு ஆயத்தக் கண்ணாடி பொருந்தும். டிரைவர் வெளியே, தொடு சுவிட்ச் இல்லாமல் என்று ஆணையிலேயே எழுதி வாங்க வேண்டும். நூறு அறைக்குள் அடங்கும் மதுரை விடுதிக்கு இங்கேயே செய்வதைத்தான் நான் சொல்வேன். எண்பதுக்குப் பத்துத் தாள்கள் என்ற கணக்கோடு பதினோராவது தாளையும் வாங்கிவிடுங்கள். ஸ்ட்ரிப் முழுவதையும் ஒரே தொகுப்பில், பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்து வையுங்கள். அடுத்த தொகுப்பில் வெள்ளை நிறம் சற்றே மாறி வரலாம். அச்சுப் பலகையில் விடுதியின் பெயரை எழுதிப் பட்டறைச் சுவரில் மாட்டி வைக்கிறோம். அறை எண் சொன்னால் மூன்றாம் நாள் அதே கண்ணாடி அங்கே போய்விடும்.