மீன் அறை: மொட்டை மாடியா, தரைத்தளமா?

மூன்று வருடம் மொட்டை மாடியில் ஷீட் கொட்டகை போட்டு மீன் வளர்த்தேன். போன வருடம் எல்லாத் தொட்டிகளையும் கீழே, சமையலறைக்குப் பின்னால் இருந்த பத்துக்குப் பத்து சாமான் அறைக்கு இறக்கிவிட்டேன். நாலடித் தொட்டி ஒன்று, ரெண்டடித் தொட்டி ஏழு. இரண்டு இடத்திலும் வளர்த்துப் பார்த்ததில் என் முடிவு இதுதான்: சென்னை வெயிலுக்குக் கீழ் அறைதான் சரி.

மாடிக்கு இருக்கும் நல்ல குணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னை கொளத்தூர்ப் பக்கம் வீட்டு மாடியில் தொட்டி கட்டி கப்பி, மோலி மீன்களைக் குஞ்சு எடுத்து வளர்ப்பவர்களைப் பார்த்துத்தான் நானும் மாடியில் ஆரம்பித்தேன். இடம் தாராளம், வெளிச்சத்துக்குச் செலவில்லை, தண்ணீர் சிந்தினாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். வெயில் படும் தொட்டியில் தண்ணீர் பச்சை கட்டும்; அதில் வளரும் கப்பிக் குஞ்சுகள் சீக்கிரம் தேறும்.

ஆனால் கத்திரி வெயிலில் நிலைமை வேறு. ஒரு மே மாத மதியம், தண்ணீர் மாற்றும்போது மேலே இருந்த பிளாஸ்டிக் டேங்க்கிலிருந்து குழாயை நேரே தொட்டிக்குத் திறந்துவிட்டேன். தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கை விட்டபோதுதான் குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது தெரிந்தது. சாயங்காலத்துக்குள் பதினான்கு போய்விட்டன. சூடு மட்டும் காரணமில்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேலே ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 35 டிகிரியில் ஏழுக்கும் கீழே இறங்கிவிடும். மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரில் அது குறைகிறது. அந்த நேரம் கரண்ட் போய் ஏர் பம்ப்பும் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் என்னைக் கீழே இறக்கியது வெயில் இல்லை. தண்ணீர் மாற்றும் வேலைதான். மீன் அறை போட நினைப்பவர்கள் முதலில் ஸ்டாண்டையும் லைட்டையும் பார்க்கிறார்கள். நான் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்பேன். வாரம் கால் பங்கு மாற்றினாலே என் தொட்டிகளுக்கு 160, 170 லிட்டர் வேண்டும். குளோரின் போக ஒரு நாள் வைத்த தண்ணீரை மாடியில் வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினேன். பதினைந்து லிட்டர் வாளியில் பதினோரு நடை. முதல் வருடம் உற்சாகமாகச் செய்தேன். மூன்றாம் வருடம் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், பிறகு இரண்டு வாரம். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் ஏறியது, பாசி பிடித்தது, ஏஞ்சல் மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன.

கீழ் அறையில் மேஸ்திரியை வைத்து முதலில் செய்தது தரைக்கு வாட்டம் கொடுத்து மூலையில் ஒரு ட்ராப், அதாவது தண்ணீர் வெளியே போகும் வடிகால், போட்டதுதான். பக்கத்தில் 200 லிட்டர் டிரம், அதில் முந்தின நாளே தண்ணீர் பிடித்து காற்றைக் குமிழ்களாக விடும் ஏர் ஸ்டோன் ஓடவிடுவேன். டிரம்முக்குள் ஒரு சின்ன சப்மெர்சிபிள் மோட்டார், நீளமான டியூப். அழுக்குத் தண்ணீர் சைபனில், அதாவது மோட்டார் இல்லாமல் டியூப் வழியே தானாகக் கீழே இறங்கி, நேரே ட்ராப்புக்கு, புதுத் தண்ணீர் மோட்டாரில் தொட்டிக்கு. முன்பு அரை நாள் தின்ற வேலை இப்போது முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. அதனால் ஒரு வாரம்கூடத் தவறுவதில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கீழ்த்தட்டுத் தொட்டியைத் தரையோடு வைத்தால் சைபன் இழுக்காது. சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆங்கிள் ஸ்டாண்டின் கீழ்த்தட்டை ஒன்றரை அடி உயரத்தில் வைத்தேன். மேல்தட்டு தோளுக்கு மேலே போகவேண்டாம், வலை போட்டு மீன் பிடிக்கமுடியாது.

பாரத்தையும் யோசியுங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 250 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்டு தனி. தரைத்தளத்தில் கவலையில்லை. மாடியிலோ ஃபிளாட்டிலோ வரிசையாக அடுக்கப்போகிறீர்கள் என்றால் கட்டட இன்ஜினியரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். என் வீட்டுத் தளம் தாங்கியது என்பதை மட்டும் நம்பி உங்களுக்குச் சொல்லமுடியாது.

கீழ் அறையின் குறை ஈரம். இரண்டாம் மாதமே சுவரில் பூஞ்சை படர்ந்தது. எல்லாத் தொட்டிக்கும் கண்ணாடி மூடி போட்டு, எக்சாஸ்ட் ஃபேன் வைத்த பிறகு நின்றது. ஈரமான அறை என்பதால் கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கட்டாயம், ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது.

நான் வளர்ப்பது கப்பி, மோலி, ஏஞ்சல், சில ஃபைட்டர்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கப்பிக்கும் மோலிக்கும் அது ஒத்துப்போகிறது. டிஸ்கஸ் மீனுக்கு உப்பு குறைந்த மெல்லிய தண்ணீர் வேண்டும், ஆர்.ஓ. இல்லாமல் முடியாது, நான் வைத்ததில்லை. கடல் மீனும் நான் வைத்ததில்லை. அந்த அறைகளுக்கு அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள்.

மாடியை நான் முழுக்க விடவில்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டு, பச்சை வலைக்குக் கீழே இரண்டு டப் வைத்திருக்கிறேன். ஒன்றில் மீனுக்குத் தீனியாகும் டாஃப்னியா என்ற சின்ன நீர்ப்பூச்சி, இன்னொன்றில் கப்பிக் குஞ்சுகள். ஏப்ரல் பிறந்ததும் குஞ்சுகள் கீழே வந்துவிடும்.